பால் காய்ச்ச வர இயலாமை குறித்து, மங்கு சம்பந்தமாக

பழங்காநத்தம், மதுரை.
வைகாசி மாதம் 9ஆம் தேதி.

டி. கல்லுப்பட்டியில் மருந்துக்கடை நடத்தி, சுற்றுவட்டாரத்துக் காய்ச்சலையும் தலைவலியையும் கவுண்டரில் நின்றபடியே விரட்டிவரும் அன்பு மைத்துனர் அழகுபாண்டி அவர்களுக்கு, அக்காள் புருஷன் சிவபாண்டி எழுதிக்கொள்வது. நீங்களும், வீட்டாரும், பெயின்ட் வாசம் மாறாத புதுவீடும் சுகமாக இருக்க வேண்டும். இங்கு நான் நலம். உங்கள் அக்காள் பாண்டிச்செல்வி கழுத்துக்குக் கீழே பூரண நலம். கழுத்துக்கு மேலே உள்ள நிலவரத்தைத் தெரிவிக்கவே இக்கடிதம்.

பொருள்: வைகாசி பதினெட்டாம் தேதி தங்கள் புதுவீட்டில் பால் காய்ச்சத் தங்கள் அக்காள் வர இயலாமை. பார்வை: தாங்கள் அனுப்பிய மஞ்சள் தடவிய பத்திரிகை.

பொருள், பார்வை என்று எழுதுவதைத் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டியதில் நான் எழுதிய கடிதங்கள் எல்லாம் டிப்போ மேனேஜருக்கு எழுதிய விளக்கங்கள்தான். கண்ணாடி உடைந்தது ஏன், ஆடு குறுக்கே வந்தது எப்படி என்று எழுதி எழுதிக் கை அந்த வழியிலேயே போகிறது. நிச்சயம் முடிந்து கல்யாணத்துக்கு முன்பு உங்கள் அக்காளுக்கு எழுதிய ஒரே கடிதத்தையும் 'பொருள்' போட்டுத்தான் ஆரம்பித்தேன். அதை அவள் இன்னும் பீரோவில் வைத்திருக்கிறாள், மாப்ள, வருஷத்துக்கு ஒரு தடவை எடுத்துப் படித்துச் சிரித்துவிட்டு மறுபடி உள்ளே வைத்துவிடுவாள். போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நம் வீட்டில் போன் பேசினால் ஸ்பீக்கரில்தான் பேச வேண்டும் என்பது உங்கள் அக்காளின் சட்டம். அவள் காதில் விழாமல் சொல்ல வேண்டியது நிறைய இருப்பதால் பேனாவை எடுத்தேன்.

எல்லாம் உங்கள் மகள் தாமரைச்செல்வியின் கல்யாண ஆல்பத்தில் ஆரம்பித்தது. போன வருஷம் தையில் கல்யாணம், பங்குனியில் ஆல்பம் வந்தது. தூக்க முடியாத கனம். அதில் பதினேழாம் பக்கத்தில் உங்கள் அக்காள் சீர்த்தட்டோடு நிற்கிறாள். ஸ்டூடியோக்காரர் யாருடைய உத்தரவும் இல்லாமல் அவள் இரண்டு கன்னத்திலும் மேலுதட்டிலும் இருந்த மங்கை அப்படியே துடைத்து எடுத்துவிட்டார். நம் சின்னவன் வயிற்றில் இருக்கும்போது வந்து உட்கார்ந்த கரும்படை அது. இருபத்தாறு வருஷமாக இருக்கிறது. அதைப் பற்றி அவள் ஒருநாளும் ஒரு வார்த்தை பேசினதில்லை. நானும் பார்த்ததில்லை, அதாவது பார்த்திருக்கிறேன், ஆனால் அது முகத்தில் தனியாக இருக்கிறது என்று தோன்றினதில்லை. அந்தப் பதினேழாம் பக்கத்தை அவள் வெகுநேரம் பார்த்தாள். பிறகு ஆல்பத்தை மூடிவிட்டுக் கண்ணாடி முன்னால் போய் நின்றாள். அன்று சாம்பார் அடிப்பிடித்தது. கல்யாணமாகி முதல் தடவை.

மறுநாளே எதிர்வீட்டு முனீஸ்வரி வைத்தியத்தைத் தொடங்கினாள். ஜாதிக்காயைப் பாலில் உரசிப் பூசச் சொன்னாள். பூசியதும் முகம் அரித்தது, அரித்தால் வேலை செய்கிறது என்று அர்த்தம் என்றாள். பிறகு எலுமிச்சம்பழச் சாறு. அப்போது சித்திரை பிறந்துவிட்டது, நம் வீட்டில் மொட்டைமாடியில் கூழ்வடகம் போடுகிற சமயம். உங்கள் அக்காள் எதையும் வீணாக்க மாட்டாள் என்பது உங்களுக்குத் தெரியும். வடகத்துக்குக் காக்கா விரட்ட எப்படியும் வெயிலில் உட்காரத்தான் வேண்டும், அந்த நேரத்தில் முகத்தில் எலுமிச்சையைப் பூசிக்கொண்டால் இரண்டு வேலையும் ஒன்றாக முடியும் என்று கணக்குப் போட்டாள். நாலு நாளில் வடகம் வெள்ளை வெளேரென்று காய்ந்தது. முகம் கொப்புளித்து, ஆறி, முன்னைவிட இரண்டு மடங்கு கறுத்தது. எலுமிச்சைச் சாறும் வெயிலும் தோலில் ஒன்றாகச் சேரவே கூடாதாம். இதைப் பின்னால் டாக்டரம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். அப்போது முனீஸ்வரி, உள்ளே இருக்கிற கறுப்பெல்லாம் வெளியே வருகிறது, நல்லதுதான் என்று சொல்லிவிட்டாள். அந்த வடகத்தைத்தான் உங்கள் வீட்டுக்கும் இரண்டு படி கொடுத்துவிட்டோம்.

இதற்குப் பிறகுதான் அவள் உங்களுக்குப் போன் செய்தாள். நீங்களும் அக்காள் கேட்டுவிட்டாளே என்று பாசத்தோடு அந்த டியூபைக் கல்லுப்பட்டி பஸ் கண்டக்டர் கையில் கொடுத்து அனுப்பினீர்கள். பெரியார் பஸ் ஸ்டாண்டில் போய் வாங்கி வந்தவன் நான்தான். இனி எழுதப்போவதில் என் பங்கும் உண்டு என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

மாப்ள, அந்த டியூப் செய்த வேலையை நான் மறக்க மாட்டேன். பத்தே நாள். பதினேழாம் பக்கத்து முகம் வீட்டுக்குள் நடமாடியது. தெருவில் ஆட்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். பால்காரர் எண்ணிக்கை தப்பி ஒரு பாக்கெட் கூடுதலாகப் போட்டுவிட்டுப் போனார். எனக்கே உள்ளூரப் பயமாகத்தான் இருந்தது. யாராவது என்ன போடுகிறாய் என்று கேட்டால், உங்கள் அக்காள் நிமிர்ந்து நின்று, "எங்க தம்பி குடுத்துவிட்டது" என்பாள். டியூபைச் சாமி அலமாரியில் குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில் வைத்தாள். முனீஸ்வரி கெஞ்சிக் கேட்டபோது அவள் உள்ளங்கையில் திருநீறு கொடுக்கிற மாதிரி ஒரு சிட்டிகை வைத்தாள். பிறந்த வீட்டிலிருந்து வந்ததை மிச்சம் வைக்கக் கூடாது, ஒருநாள்கூட விடக் கூடாது என்று அவளாகவே ஒரு விரதம் எடுத்துக்கொண்டாள். காலையில் ஒருதரம், மாலையில் ஒருதரம். ஒரு டியூப் முடிகிற நேரத்துக்கு நீங்கள் அடுத்ததை அனுப்பினீர்கள். எட்டு மாதம் இப்படிப் போனது.

மார்கழியில் ஒருவாரம் உங்கள் பார்சல் வரவில்லை. நீங்கள் கோயிலுக்கு மாலை போட்டிருந்தீர்கள். மூன்றாம் நாளே முகம் நெருப்பாக எரிந்தது. சிவந்தது. பருப்பருவாகக் கிளம்பியது. கன்னத்தில் பூனைமுடி, மூக்கோரத்தில் நூல்நூலாகச் சிவப்பு ரத்தக்கோடு. பழைய மங்கோ போன இடம் தெரியாமல் இருந்துவிட்டு, கூட இரண்டு பேரை அழைத்துக்கொண்டு வந்த மாதிரி அகலமாக வந்து உட்கார்ந்தது. அடுப்புப் பக்கம் நிற்க முடியவில்லை. உங்கள் பார்சல் வந்ததும் பூசினாள், அடங்கியது, விட்டாள், எரிந்தது. இப்படியே தை முடிந்தது. அதற்கப்புறம் அவள் வெளியே போவதில்லை. தாமரை வீடியோவில் கூப்பிட்டால் போனைக் கூரைக்குக் காட்டிக்கொண்டு பேசுவாள். பாவம் அந்தப் பெண், மூன்று மாதமாக எங்கள் மின்விசிறியோடுதான் பேசிக்கொண்டிருக்கிறது.

மாசியில் அவளைச் சம்மதிக்க வைத்துத் தோல் டாக்டரிடம் கூட்டிப்போனேன். டாக்டர் ரம்யாஸ்ரீ என்று பெயர், நம் தாமரையைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும், நாங்கள் உள்ளே போனபோது அவருடைய அம்மாவிடம் போனில் சௌராஷ்டிர பாஷையில் ஏதோ சாப்பாட்டுத் தகராறு. போனை வைத்தார். உங்கள் அக்காள் முந்தானையால் முகத்தை மூடியிருந்தாள். டாக்டரம்மா அவளை அவசரப்படுத்தவில்லை. திரும்பி என்னைப் பார்த்தார். ஒரு நிமிஷம்கூட இருக்காது.

"ஐயா டிரைவரா?"

ஆமாம் என்றேன். சட்டையில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன்.

"எந்த ரூட்டு?"

"மதுரை டு திருச்சி."

"காலைல வடக்க போவீங்க, மதியத்துக்கு மேல தெக்க வருவீங்க. வெயிலு ரெண்டு நேரமும் ஒங்க வலப்பக்கந்தான் அடிச்சிருக்கும்."

மாப்ள, அவர் சொன்னது அப்படியே சரி. முப்பத்தோரு வருஷம். காலையில் ஏழு மணிக்கு வண்டியை எடுத்தால் சூரியன் கிழக்கே, என் வலதுபக்கம். பன்னிரண்டுக்கு முன்னே திருச்சியில் திருப்பிக்கொண்டு வந்தால் மதியத்துக்கு மேல் சூரியன் மேற்கே சாய்கிறது, மறுபடி என் வலதுபக்கம். ஒரே பக்கம்! ஒருநாளாவது இடதுபக்கம் மாறி உட்கார்ந்திருக்கக் கூடாதா அந்தச் சூரியன்? என் கூடவே டிக்கெட் எடுக்காமல் வந்து போயிருக்கிறது, எந்தச் செக்கிங் இன்ஸ்பெக்டரும் அதைப் பிடிக்கவில்லை. அங்கே இருந்த கண்ணாடியில் டாக்டரம்மா காட்டினார். என் வலது கன்னம் கறுத்து, தடித்து, வரிவரியாகக் கிடக்கிறது. இடது கன்னம் என்னைவிடப் பத்து வயது குறைந்த ஆளுடையது. இத்தனை நாள் அந்த முகத்தைத்தான் தினம் சவரம் செய்திருக்கிறேன். டிப்போவில் என் பர்சனல் பைல் மூன்று தடவை காணாமல் போனது. என் தோல் ஒரு நாளையும் தொலைக்கவில்லை. நான் எந்தத் திசையில் உட்கார்ந்து வண்டி ஓட்டினேன் என்று அதற்குத் தெரிந்திருக்கிறது.

இதைக் கேட்டுத்தான் உங்கள் அக்காள் முந்தானையை எடுத்தாள். இந்தப் பெண்ணிடம் எதையும் மறைக்க முடியாது என்று நினைத்திருப்பாள்.

டாக்டரம்மா அறையை இருட்டாக்கி நீலநிறத்தில் ஒரு விளக்கைப் பிடித்து முகத்தைப் பார்த்தார். என்னையும் கிட்டே வந்து பார்க்கச் சொன்னார். அதை நான் எப்படி எழுதுவேன். வெளிச்சத்தில் லேசாகத் தெரிகிற இடமெல்லாம் அதில் கரைகட்டிக்கொண்டு தெரிகிறது. நெற்றி, கன்னம், மூக்குத்தண்டு, மேலுதடு. வைகை தண்ணீர் வற்றினால் மணல்திட்டு தெரியுமே, அப்படி. நாற்பது வருஷமாகப் பார்க்கிற முகத்தில் எனக்குத் தெரியாத ஒரு ஊர் இருந்திருக்கிறது. டாக்டரம்மா சொன்னார்: நம் தோலுக்குள்ளே மை தயாரிக்கிறவை உண்டு, வெயில் வந்தால் அவை உள்ளே இருக்கிறதைக் காப்பாற்ற மையை மேலே அனுப்பிக் குடை பிடிக்கும். பிள்ளை உண்டாகியிருக்கும்போது உடம்பு அவற்றைக் கொஞ்சம் கூடவே முடுக்கிவிடும். ஒருதரம் மிரண்டுவிட்டால் பிறகு சின்ன வெயிலுக்கும், வெளிச்சத்துக்கும், அடுப்பு அனலுக்கும்கூட அவை குடையைப் பிடித்துவிடும். பித்தத்தாலும் இல்லை, திருஷ்டியாலும் இல்லை, அழுக்கும் இல்லை. தேய்த்தால் போகாது, தேய்க்கத் தேய்க்கக் கூடும். நான் அப்படியே நின்றுவிட்டேன், மாப்ள. யாரும் கேட்காமல், சம்பளம் இல்லாமல், கண்ணுக்கே தெரியாத ஏதோ ஒன்று அவளுக்காகத் தினமும் குடை பிடித்திருக்கிறது. அதைப்போய் எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்திருக்கிறோம்.

பிறகு அவர், பிள்ளை பெற்ற பிறகும் இம்புட்டு அழுத்தமாக நிற்க வேண்டுமானால் வருஷக்கணக்கில் உச்சி வெயிலில் நின்றிருக்க வேண்டுமே, எங்கே நின்றீர்கள் என்று கேட்டார். உங்கள் அக்காள், நான் வீட்டோடு இருக்கிறவள், எங்கேயும் நின்றதில்லை என்றாள். பொய் சொல்லவில்லை. அவளுக்கு நிஜமாகவே ஞாபகம் இல்லை. எனக்குத்தான் இருந்தது. அப்போது எங்கள் குடித்தனம் கொட்டாம்பட்டியில். நான் திருச்சியிலிருந்து திரும்பும்போது பகல் ஒன்றரைக்கு வண்டி அந்த ஸ்டாப்பில் நிற்கும். அவள் தூக்குச்சட்டியோடு நிற்பாள், இடுப்பில் சின்னவன். படியேறி என்னிடம் கொடுத்துவிட்டு இறங்குவாள், நான் மேலூர் பஸ் ஸ்டாண்டில் வைத்துச் சாப்பிடுவேன். முதலில் அங்கே புளியமரம் இருந்தது. நான்குவழிச் சாலைக்கு மரத்தை வெட்டியபிறகு கையகல நிழல் கிடையாது. வண்டி சிலநாள் அரைமணி, முக்கால்மணி லேட்டாகும். லேட்டானால் அவள் வீட்டுக்குப் போய்விட்டு வருவதில்லை. வண்டி வரும் திசையைப் பார்த்து, வெயிலுக்கு முகத்தைத் தூக்கிக்கொண்டு நிற்பாள். தூரத்தில் வரும்போதே எனக்குத் தெரியும். நான் ரிட்டயர் ஆகிப் பழங்காநத்தம் வருகிறவரை நின்றிருக்கிறாள். அந்த நீல விளக்கில் நான் பார்த்தது அதுதான், மாப்ள. என் மத்தியானச் சாப்பாடு அவள் முகத்தில் இருக்கிறது. வேறொருவர் அதைக் கறை என்று சொல்லிக்கொள்ளட்டும். எனக்கு அன்றைக்குக் கும்பிட வேண்டும்போல் இருந்தது. கிளினிக்காக இருந்ததால் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

சரி, டியூப் விஷயத்துக்கு வருகிறேன். யார் எழுதிக்கொடுத்த மருந்து என்று டாக்டரம்மா கேட்டார். உங்கள் அக்காள் வழக்கம்போல நிமிர்ந்து, எங்க தம்பி என்றாள். தம்பி டாக்டரா என்றார். கடையே அவனுடையதுதான் என்றாள். டாக்டரம்மா டியூபை வாங்கி அதில் இருந்த எழுத்தைப் படித்துப் பார்த்தார். பிறகு எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். அந்த டியூபில் மூன்று மருந்து கலந்திருக்கிறது, அதில் ஒன்று ஸ்டீராய்டு, டாக்டர் பார்த்துச் சில வாரத்துக்குக் கொடுக்க வேண்டியது, எட்டு மாதம் பூசினால் தோல் மெலிந்துபோகும், பூசாவிட்டால் எரியும், பூசினால் இன்னும் மெலியும். எனக்கு உடனே விளங்கிவிட்டது. டீசல் மிச்சம் பிடிக்கிறேன் என்று இறக்கத்தில் வண்டியை நியூட்ரலில் விடுகிறவர்கள் உண்டு. முதலில் சுகமாகத்தான் போகும். பிரேக் பிடிக்க வேண்டிய இடம் வரும்போதுதான் தெரியும்.

ஆனால் உங்கள் அக்காள் ஒரே பிடியாக நின்றாள். "பொறந்த வீட்டுச் சீரு. வேணாம்னு எப்பிடிங்க நிறுத்துறது? தம்பி மனசு என்ன பாடுபடும்?" மருந்து பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை, முகத்தைப் பற்றிக் கவலைப்படவில்லை, தம்பி மனசைப் பற்றித்தான் கண் கலங்கினாள். டாக்டரம்மா மதுரைப் பெண்தானே, அவருக்கு இது புரிந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "சீர பீரோல வைங்கம்மா. மொகத்துல வைக்காதீங்க."

அப்படியே செய்தோம். ஒரேயடியாக விட்டாலும் எரியும் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வைத்தார். மிச்சமிருக்கும் டியூபெல்லாம் இப்போது நீங்கள் கொடுத்த பட்டுச்சேலைகளுக்கு நடுவே, பாச்சை உருண்டையோடு பத்திரமாக இருக்கின்றன.

இப்போது நடக்கும் வைத்தியம் இவ்வளவுதான்: வெயில் தடுப்புக் கிரீம், குடை, பொறுமை, ராத்திரிக்கு அவர் எழுதிக்கொடுத்த ஒரு மருந்து. மங்கு அடியோடு போகும் என்று அவர் சத்தியம் பண்ணவில்லை. மெல்ல மங்கும், வெயிலில் விட்டால் திரும்ப வரும், வீட்டுக்குள்ளே ஜன்னலோரம் இருந்தாலும் பூச வேண்டும், மூன்று மணி நேரத்துக்கு ஒருதரம் பூச வேண்டும் என்றார். எனக்கும் அதே உத்தரவு. இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கிப் பூசச் சொன்னார்கள். என் விரல் ஸ்டியரிங் பிடித்த விரல், நீளம் அதிகம். முதல்நாள் பூசிக்கொண்டு டீக்கடைக்குப் போனேன், கடைக்காரர் டம்ளரை நீட்டாமல், "என்னண்ணே, வீட்ல வெள்ளையடிப்பா?" என்று கேட்டார். மழையில்லாத வைகாசியில் நான் குடை பிடித்துக்கொண்டு காய்கறி வாங்கப் போவதைப் பழங்காநத்தமே வேடிக்கை பார்க்கிறது. பார்க்கட்டும். இரண்டரை மாதத்தில் அவளுக்கு எரிச்சல் அடங்கிவிட்டது, சிவப்பு தணிந்துவிட்டது. மங்கு மட்டும் இருக்கிறது.

இனி விஷயம். உங்கள் பத்திரிகையில், பால் காய்ச்சுபவர் அக்காள் பாண்டிச்செல்வி சிவபாண்டி என்று தங்க எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். அதை இருபது தடவையாவது பார்த்திருப்பேன். புதுவீட்டில் உடன்பிறந்தவள் கையால்தான் முதல் பால் பொங்க வேண்டும் என்பது நம் வழக்கம், அதை விடுவது சின்ன விஷயம் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் அக்கினி நட்சத்திர வெயில் இன்னும் முழுதாக இறங்கவில்லை, அடுப்பு அனல் ஆகாது, டாக்டர் உத்தரவு. ஆகவே தங்கள் பெரியப்பா மகள் மலையம்மாளைக் கொண்டு பால் காய்ச்சிக்கொள்ளுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். உண்மையையும் சொல்லிவிடுகிறேன். வெயில் பாதிக் காரணம்தான். நேற்று உங்கள் அக்காள் அந்தப் பத்திரிகையைத் தடவிப் பார்த்துக்கொண்டே, "இந்த மொகத்தோட எப்பிடிப் பொறந்த வீட்டு வாசல்ல போயி நிக்கிறது? காச்சன்னு சொல்லிருங்க" என்றாள். அந்தக் காய்ச்சலைத்தான் நான் இத்தனை பக்கம் எழுதியிருக்கிறேன்.

இன்னொன்று. கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள். அந்த டியூபை இனிமேல் டாக்டர் சீட்டு இல்லாமல் யாருக்கும் கொடுக்காதீர்கள், மாப்ள. நீங்கள் பாசத்தில் கொடுத்தது, நான் பெருமையில் சுமந்து வந்தது, அவள் பக்தியில் பூசியது. ஒருவர் மேலும் குற்றமில்லை. ஆனால் கல்லுப்பட்டியில் உங்களை அண்ணே அண்ணே என்று நம்பி வருகிற பெண்கள் எத்தனை பேர். அவர்களுக்கெல்லாம் அக்காள் புருஷன் குடையோடு கூடப் போக மாட்டான்.

பால் நன்றாகப் பொங்கட்டும். வீட்டில் எந்நாளும் அடுப்பு அணையாமல், சிரிப்புக் குறையாமல், வருகிறவர்களுக்கு உட்கார இடமும் உங்களுக்கு நிம்மதியான தூக்கமும் இருக்கட்டும். தாமரைக்கும் அவள் வீட்டுக்காரருக்கும் என் ஆசீர்வாதம். தங்கள் மேலான புரிதலை எதிர்நோக்கும்,

அ. சிவபாண்டி,
ஓட்டுநர் (ஓய்வு).

பி.கு.: மேலே உள்ளதை மேஜையில் வைத்துவிட்டுக் கவரும் ஸ்டாம்பும் வாங்கப் போனேன். திரும்பி வந்தால் உங்கள் அக்காள் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள், மடியில் கடிதம். டிப்போ மேனேஜர் முன்னால் நின்ற மாதிரி நின்றேன். அவள் திட்டவில்லை. பத்திரிகையை எடுத்து நீட்டினாள்.

"முகூர்த்தம் காலைல நாலரை டு ஆறு. நாலரைக்கு ஏதுங்க வெயிலு?"

இருபது தடவை பார்த்தவன் தங்க எழுத்தைத்தான் பார்த்திருக்கிறேன், நேரத்தைப் பார்க்கவில்லை. அடுப்பு அனல் என்று இழுத்தேன். அவளே டாக்டரம்மாவுக்குப் போன் போட்டாள், ஸ்பீக்கரில். டாக்டரம்மா சிரித்துவிட்டு, பால் பொங்க எம்புட்டு நேரமாகும், பத்து நிமிஷம், தாராளமாகப் போய்க் காய்ச்சுங்கள், பொங்கினதும் தள்ளி வந்து நில்லுங்கள், விடிந்ததும் கிரீமை மறக்காதீர்கள் என்றார்.

போனை வைத்துவிட்டு அவள் மறுபடி ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துப் படித்தாள். கொட்டாம்பட்டி எழுதியிருந்த பக்கம்.

"நான் வெயில்ல நின்னத நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"ஒருநாளும் சொல்லவே இல்ல."

"வண்டி நிக்கிறது ரெண்டு நிமிசந்தான செல்வி."

அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். பிறகு எழுந்து பீரோவைத் திறந்து சேலை எடுத்தாள். "மொகத்தப் பாத்தா பாலு பொங்குது?" என்று பீரோவுக்குள் பார்த்துத்தான் சொன்னாள், எனக்குச் சொன்னதா டியூபுக்குச் சொன்னதா தெரியவில்லை.

ஆகவே மேற்கண்ட பொருள் ரத்து. மலையம்மாளிடம் ஒன்றும் சொல்லிவிடாதீர்கள். புதுவீட்டில் வேலை கிடக்கும் என்று நாளைக் காலை முதல் பஸ்ஸிலேயே கிளம்புகிறாள், நான் பதினேழாம் தேதி வருகிறேன். அவளை வலதுபக்கச் சீட்டில் உட்காரச் சொல்லியிருக்கிறேன், கல்லுப்பட்டி ரூட்டில் காலையில் டிரைவர் பக்கம்தான் நிழல். இதை இப்போதுதான் கணக்குப் பண்ணினேன், ஆச்சரியம் தாங்கவில்லை. ஸ்டாம்பு தண்டம் என்று கடிதத்தையும் அவளே எடுத்துவருகிறாளாம், தம்பி கையில் தானே கொடுக்கிறாளாம்; இந்தப் பி.கு.வை எழுதிக் கவரை ஒட்டித்தான் அவளிடம் கொடுப்பேன்.

பால் பொங்கினதும் உடன்பிறந்தவள் கேட்கிற சீரை மறுக்கக் கூடாது என்பது உங்களுக்குத் தெரியும். இந்தத் தடவை அவள் சேலை கேட்கப்போவதில்லை. அந்த டியூபைப் பற்றி நான் மேலே கெஞ்சியதை அவள் சீராகக் கேட்கப்போகிறாள், கூட ஒரு குடையும். முனீஸ்வரியிடம் அவள் சொன்னது என் காதில் விழுந்தது, எனக்குத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள வேண்டாம்.

இதை நீங்கள் படித்துக்கொண்டிருக்கும்போது அவள் உங்கள் வாசலில், உங்களுக்கு எதிரிலேதான் நின்றுகொண்டிருப்பாள். முகத்தை மூடியிருக்க மாட்டாள். கடிதத்தை மடித்து வைத்துவிட்டு நிமிர்ந்து பாருங்கள், மாப்ள.